மூன்று அடுப்பு, ஒரு மீட்டர்

கணக்கு விஷயத்தில் நான் யோக்கியன் என்ற நினைப்பு எனக்கு வெகு நாளாக உண்டு. கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா? அதைப் பொய்யாக்கிக் காட்டுவதில் எனக்கு ஒரு தனிக் கர்வம். பால் கணக்கில் ஒரு ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால்கூட எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட கர்வத்துக்கு ஆறு மாதத்துக்கு முன் ஒரு மாலை வேளையில் பங்கம் வந்து சேர்ந்தது.

சேலையூரில் எங்கள் வீடு அப்பா கட்டிய வீடு. முன்கட்டில் நாங்கள் இருக்கிறோம். மாடியில் ஓர் இளம் தம்பதி. பின்கட்டில் ஓர் அம்மாளும், எட்டாவது படிக்கும் அவருடைய பிள்ளையும். அந்த அம்மாள் காம்ப் ரோடு பக்கம் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவர். ஆக, ஒரு கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிகிறது. ஆனால் மின்சார இணைப்பு ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும். அதை நான் மூன்றால் வகுப்பேன். மிஞ்சும் சில்லறையை என் பங்கிலே சேர்த்துக்கொண்டு மற்ற இரண்டு குடித்தனங்களுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பேன். "சில்லறையைக்கூடத் தாமே ஏற்றுக்கொள்கிறாரே, வீட்டுக்காரர் என்றால் இவரல்லவா வீட்டுக்காரர்!" என்று அவர்கள் நினைப்பதாக நானே நினைத்துக்கொள்வதும் உண்டு.

அன்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது என் தமக்கை மகள் வந்திருந்தாள். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம். கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கும் விவரங்களைத் தொகுத்து, கேட்ட கேள்விக்குக் கேட்ட விதத்தில் கணக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. தோளுக்குப் பின்னால் நின்று என் சீட்டைப் பார்த்தவள், "மூணு பேருக்கும் சப் மீட்டர் இருக்கே மாமா, அதைப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

சப் மீட்டர் இருப்பது வாஸ்தவம். அப்பா காலத்தில் மாட்டியது. அதைப் படித்து ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் மனைவியின் வழக்கம். அந்த நோட்டைத் திறந்து பார்ப்பது என் வழக்கம் அல்ல. மூன்றால் வகுப்பது சுலபம், அது மட்டும் அல்ல, அதுவே நியாயம் என்றும் எனக்குத் தோன்றியிருந்தது. எல்லாருக்கும் சமம் என்பதைவிடப் பெரிய நியாயம் எது?

அவள் நோட்டை எடுத்து வந்தாள். அந்த இரண்டு மாதத்தில் வீடு முழுவதற்கும் 460 யூனிட். அதில் எங்கள் பங்கு 240. மாடி 150. பின்கட்டு 70.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் போகப் போக யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். விலையை விட்டுவிடுவோம், யூனிட்டை மட்டும் எண்ணுவோம். 460-இல் 100 போக, எங்கள் இணைப்பு கட்டணம் செலுத்த வேண்டியது 360-க்கு. மூன்றால் வகுத்தால் தலைக்கு 120. அதாவது 70 யூனிட் மட்டுமே எரித்த பின்கட்டு அம்மாள் 120 யூனிட்டுக்குப் பணம் கொடுக்கிறார்!

"இப்ப இன்னொரு விதமாப் பாருங்க" என்றாள் அவள். மூன்று அடுப்புக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் எங்களுக்கு 140, மாடிக்கு 50, பின்கட்டுக்கு ஒன்றுமே இல்லை. மொத்தம் 190.

நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அதே 460 யூனிட். அதே நூறு யூனிட் சலுகை. முதலில் கூட்டிவிட்டு அப்புறம் சலுகையைக் கழித்தால் 360. ஒவ்வோர் அடுப்பிலும் சலுகையைக் கழித்துவிட்டு அப்புறம் கூட்டினால் 190. எதில் பிசகு?

"கூட்டல் சரியாத்தான் இருக்கு, மாமா. வகுத்தலும் சரி. தொகுத்த இடந்தான் தப்பு."

அவள் சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் நானே கண்டுபிடித்தேன். நியாயப்படி நான் 140 யூனிட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்ததோ 120-க்கு. அந்த இருபது யூனிட்டின் பளு மற்ற இரண்டு குடித்தனங்களின் தலையில் இறங்கியிருக்கிறது. சில்லறையைத் தாமே ஏற்றுக்கொள்ளும் உத்தம வீட்டுக்காரரின் லட்சணம் இது! பின்கட்டு அம்மாள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முப்பத்தாறு பில்.

அன்று இரவு அவள் தன் தொழிலைப் பற்றி எனக்குச் சிறிது விளக்கினாள். அரைகுறையாகப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் விவரங்கள் அட்டவணையாக இருக்கின்றன. ஒரு வரிக்கு ஓர் ஆள், அல்லது ஒரு வீடு, அல்லது ஒரு பில். இவற்றை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் முறைக்கு 1970-இல் காட் என்பவர் சித்தாந்தம் வகுத்தார். 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்க ஒரு பாஷை அமைத்தார்கள். மூவரும் ஐ.பி.எம். கம்பெனிக்காரர்கள். உலகத்தில் உள்ள பாங்கிகளும் ரயில்வேக்களும் சர்க்கார்களும் இன்றும் பெரும்பாலும் அந்தப் பாஷையில்தான் கேள்வி கேட்கின்றன. "கூட்டு" என்று அதனிடம் வெறுமனே சொன்னால் அது எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கூட்டித் தந்துவிடும். "எதன் வாரியாக?" என்று நாம்தான் சொல்ல வேண்டும். தெரு வாரியாகவா, ஆள் வாரியாகவா, இணைப்பு வாரியாகவா, அடுப்பு வாரியாகவா? அதற்கு 'குரூப் பை' என்று பெயர். எந்த வரியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். அது நிபந்தனை.

கூட்டும் வேலை இயந்திரத்துடையது. அதில் பிசகே வராது. தொகுப்பும் நிபந்தனையும் மனிதனுடையவை. ஆனால் கடைசியில் தாளில் அச்சாகி வருவது கூட்டல் தொகை மட்டுந்தான். அதைப் பார்த்து, "கணக்கு பொய் சொல்லுமா?" என்கிறோம். கணக்கு பொய் சொல்லாது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நாம் அதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுகிறோம்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வியாதி அல்ல. 1890-இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்காக ஹாலரித் என்பவர் ஓர் இயந்திரம் செய்தார். ஆளுக்கு ஓர் அட்டை. ஆணா பெண்ணா, எந்த வயது, எங்கே பிறந்தவர் என்பதற்கெல்லாம் அட்டையில் துளைகள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே இறங்கிப் பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், முள் ஓர் எண் நகரும். இன்ன துளையும் இன்ன துளையும் சேர்ந்து இருந்தால் மட்டும் முள் நகர வேண்டும் என்றும் கம்பியை இணைக்கலாம். நம் தேசத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே மனிதர்கள் கையால் செய்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி, புறாக்கூடு போன்ற அறைகளில் வகை வகையாகப் பிரித்துப் போட்டு எண்ணினார்கள். எந்த அறையில் எந்தச் சீட்டு என்பதை எழுதி வைத்தவர் வேறு. பிரித்துப் போட்ட குமாஸ்தா வேறு. குமாஸ்தா நாணயஸ்தராக இருந்தால் போதுமா?

அறையின் பெயரை மாற்றினால் ஆள் இருந்த இடத்திலேயே இருந்து மாறிவிடுகிறான். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது இது செங்கற்பட்டு ஜில்லா. 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் மறுபடியும் செங்கல்பட்டு. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, எழுபது வார்டுகளில் ஒரு வார்டாக எங்கள் தெரு போய்ச் சேர்ந்தது. வாசலில் இருக்கும் வேப்பமரம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் ஏதாவது ஒரு கணக்கில் காஞ்சிபுரத்தைக் கூட்டியதும் கழித்ததும் எங்களையும் சேர்த்துத்தான்.

மாவட்டம் மாறினால் பெரிய மோசம் இல்லை. விலாசத்தில் ஒரு வார்த்தை மாறும். ஜாதி, வருமானம், குடும்பம் என்ற அறைகள் அப்படிப்பட்டவை அல்ல. 1931-இல் நடந்த கணக்கெடுப்பில் நாட்டில் 4,147 ஜாதிகள் என்று எண்ணினார்கள். 2011-இல் தனியாக நடத்திய சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வந்து நின்றன என்று மத்திய சர்க்கார் 2021-இல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. எண்பது வருஷத்தில் ஜாதி ஆயிரம் மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. ஒருவர் ஜாதியைச் சொல்லியிருப்பார்; ஒருவர் உட்பிரிவைச் சொல்லியிருப்பார்; ஒருவர் குலப் பட்டத்தை, ஒருவர் கோத்திரத்தைச் சொல்லியிருப்பார். எழுதியவர்கள் ஒரே பெயரை ஆளுக்கொரு எழுத்துக் கூட்டில் எழுதியிருப்பார்கள். இயந்திரத்துக்கு ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஜாதி. சரி, மனிதர்கள் உட்கார்ந்து அவற்றை ஒன்று சேர்க்கலாமே என்றால், எதை எதோடு சேர்ப்பது? சேர்க்கிறவன் கையில் இருப்பது பேனா அல்ல, தராசு. 2027-இன் ஜனத்தொகைக் கணக்கில் ஜாதியும் கேட்கப்படும் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தராசை மறுபடியும் யாராவது கையில் எடுத்தே ஆக வேண்டும்.

நிபந்தனை போட்டுத் தொகுப்பது நமக்குப் புதிதும் அல்ல. எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் சில மணி நேரத்தில் உத்திரமேரூர் வந்துவிடும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரிக்கிறார்கள். ஓலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்கு உள்ளே. வேதம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், கல்வி கூடுதலாக இருக்க வேண்டும். சென்ற மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது; அவருடைய உறவினரும் கூடாது!

கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிய அந்த நிபந்தனையைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. குடும்பு வாரியாக ஓலைகளைக் கட்டி, குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த நேர்மையைப் பார்த்தால் கை தானாகக் குவிகிறது. ஆனால் சாசனத்தை மறுபடியும் ஒரு முறை படித்துப் பாருங்கள். அந்த ஊரில் ஏர் பிடித்தவன் எங்கே? நாற்று நட்டவள் எங்கே? பானை வனைந்து கொடுத்தவன் எங்கே? அவர்கள் தேர்தலில் தோற்கவில்லை. அவர்களை வேண்டாம் என்று யாரும் ஓட்டுப் போடவும் இல்லை. பட்டியலுக்குள்ளேயே அவர்கள் வரவில்லை. உள்ளே நடந்தது அப்பழுக்கற்ற நேர்மை. வாசற்படியில் நடந்தது என்ன என்று குடத்துக்குள் கை விட்ட சிறுவனுக்குத் தெரியாது.

இதைத்தான் என் மருமகள் வேறொரு விதமாகச் சொன்னாள். ஓர் ஊரில் தெரு வாரியாகக் குடிநீர்க் குழாய் உள்ள வீடுகள் எத்தனை என்று அறிய வேண்டும். இரண்டு வழி உண்டு. குழாய் இல்லாத வீடுகளை முதலிலேயே தள்ளிவிட்டு, மிச்சத்தைத் தெரு வாரியாக எண்ணுவது ஒன்று. எல்லா வீடுகளையும் தெரு வாரியாக அடுக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "குழாய் உண்டா? உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி" என்று போட்டுக் கூட்டுவது மற்றொன்று. இரண்டிலும் மொத்தத் தொகை ஒன்றேதான் வரும். ஆனால் ஒரு வீட்டில்கூடக் குழாய் இல்லாத தெரு இருக்கிறதே, முதல் வழியில் அந்தத் தெரு பட்டியலில் வரவே வராது! பட்டியலைப் பார்க்கும் அதிகாரிக்கு, ஊரில் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வருவது போல இருக்கும். இரண்டாவது வழியில் அந்தத் தெருவும் வரும், எதிரே ஒரு சுழியோடு.

சுழி போட்டு எழுதப்படுவதற்கும் எழுதப்படாமலே போவதற்கும் எவ்வளவு தூரம்! சுழியைப் பார்த்தால் யாராவது ஒருவன் என்றைக்காவது வெட்கப்படுவான். இல்லாத வரியைப் பார்த்து வெட்கப்பட யாராலும் முடியாது.

என் சிநேகிதர் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு என்ன ஐயா, கதையில் ஒரு ஆளுக்கு இருபது பக்கம் எழுதலாம். ஏழு கோடிப் பேருக்கு அரிசி போட வேண்டியவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அரிசி புழுத்துப் போகும். தொகுக்காமல் தர்மம்கூடச் செய்ய முடியாது" என்றார்.

அவர் சொல்வது உண்மைதான். பசித்தவன் எத்தனை பேர் என்று எண்ணாத ராஜ்யத்தில் பசித்தவனுக்குச் சோறு கிடைக்காது. தொகுப்பே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய அரிசியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1997-இல் ரேஷனில் ஏழை, ஏழை அல்லாதவர் என்று கோடு கிழிக்கும் முறையை மத்திய சர்க்கார் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. அதற்குச் செலவு அதிகம். வசதி உள்ளவனும் வாங்கிக்கொள்கிறான் என்று குறை சொல்பவர்கள் உண்டு; அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் ஏழையின் பெயர் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடும் ஆபத்து குறைந்தது. வசதி உள்ளவன் தவறி உள்ளே வந்தால் நஷ்டம் பொக்கிஷத்துக்கு. ஏழை தவறி வெளியே போனால் நஷ்டம் வயிற்றுக்கு. இரண்டு தவறும் கணக்கில் ஒரே தவறுதான். தர்மத்தில் ஒன்றல்ல.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு குடும்பம் என்று எதைச் சொல்வது? கூரையை வைத்து அல்ல, சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்பம். என் வீட்டு மீட்டர் பார்க்காததை எண்ணிக்கைக்காரர் பார்க்கிறார். என் வீட்டுக்கு வந்தால் அவர் மூன்று குடும்பம் என்றுதான் எழுதுவார். நான் மட்டும் ஆறு வருஷமாக ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, யாராவது ஒரு மொத்தத் தொகையை நம் முன் வைத்தால் கேட்க வேண்டிய கேள்வி, "கூட்டல் சரியா?" என்பது அல்ல. எதன் வாரியாகக் கூட்டினீர்கள், நிபந்தனையை எந்த இடத்தில் வைத்தீர்கள், அதனால் யார் விட்டுப்போனார்கள் என்பதே கேள்வி. தொகுப்பை எழுதியவன், தன் தொகுப்பினால் தனக்கு ஏதாவது லாபம் உண்டா என்று தன்னைத்தானே ஒரு முறை கேட்டுக்கொள்ளவும் வேண்டும். எனக்கு இருபது யூனிட் லாபம் இருந்தது. அது தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நோட்டு ஆறு வருஷமாக அலமாரியில்தான் இருந்தது. தனி இணைப்புக்கு மனுப் போடலாம் என்பதும் எனக்குத் தெரியாதது அல்ல. அலைய வேண்டுமே என்ற சோம்பல். நமக்கு நஷ்டம் வருகிற இடத்தில் இத்தனை சோம்பல் நமக்கு வருவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறான். "நானூறு பேர், ஆளுக்கு நூறு கலம் நெல்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். மொத்தத்தில் ஒரு நெல்லும் குறைந்திராது. ஆனால் ஒவ்வொரு பெண்ணின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று நானூறு வரியும் கல்லில் இருக்கிறது. அவர்களுடைய வாழ்க்கை சுகமானதா, சுதந்திரமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும், கூட்டிய தொகையிலிருந்து ஒரு பெண்ணிடம் திரும்பிப் போக வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்காத கணக்கே நல்ல கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில், முப்பத்தாறு பில்லுக்கும் கணக்குப் போட்டு, பின்கட்டு அம்மாளுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகையை ஓர் உறையில் வைத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு இரண்டு முறை ஒட்டிக்கொண்டது. அவர் உறையைக் கையில் வாங்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார்.

"நாங்க எரிக்கிறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் சார். ஒரு லைட்டு, ஒரு ஃபேன். மாசா மாசம் பையன் சப் மீட்டரைப் பாத்துக் காலண்டர்ல எழுதி வச்சிருக்கான். கேக்கணும்னு நினைப்பேன். சரி, பெரிய மனுஷர் கணக்கு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

பணத்தை வாங்கிக்கொண்டார், எண்ணியும் பார்த்தார். அவர் எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம், "அடுத்த தடவை எங்க யூனிட்டைத் தனியா எழுதியே சீட்டுக் கொடுங்க சார்" என்றார்.

தனி இணைப்புக்கு மனுப் போட்டிருக்கிறேன். அது வரும் வரையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்று வரி எழுதுகிறேன். பையன் காலண்டரோடு வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான்.